ஊரடங்கு காற்றைத் துடைத்ததா?

மனிதன் வீட்டுக்குள் அடங்கியதும் இயற்கை தன்னைத் தானே நலப்படுத்திக்கொண்டது என்னும் கருத்தை 2020ஆம் ஆண்டில் கேளாதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். கொரோனாப் பெருந்தொற்றைத் தடுக்க, அவ்வாண்டு மார்ச் 24 மாலை தமிழகத்திலும், மறுநாள் நாடு முழுவதிலும் ஊரடங்கு தொடங்கியது. நாடு தழுவிய அந்த ஊரடங்கு மே 31 வரை நான்கு கட்டங்களாக நீடித்தது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே பஞ்சாபிலுள்ள ஜலந்தர் நகரத்து மாடிகளிலிருந்து தௌலாதார் மலைத்தொடரின் பனிமுடிகள் தெரிந்தன. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அம்மலையைக் காட்டிய படங்கள் நாடெங்கும் பரவின. அதன்பின் ஊருக்கு ஊர் நீல வானத்தைப் படம் பிடித்து, காற்று தூய்மையாகிவிட்டது என்று எழுதுவது வழக்கமாயிற்று.

ஆண்டுகள் சில கழிந்தும் இக்கருத்து மறையவில்லை. கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு வரம்பு வேண்டுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஊரடங்கில் மலை எப்படி இருந்தது தெரியுமா என்று ஒரு சாரார் கேட்கின்றனர். அந்தக் கேள்வியிலேயே விடையும் அடங்கிவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர்.

வாசகர்களே, இக்கருத்து முழுப் பொய்யன்று, பாதி உண்மை. முழுப் பொய்யை எளிதில் மறுத்துவிடலாம். பாதி உண்மையையோ அளந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். எனவே ஊரடங்கையும் காற்று மாசையும் பற்றிப் பேசப்பட்டவற்றை மூன்று கேள்விகள் கொண்டு சோதித்துப் பார்ப்போம். எதைக் கொண்டு அளந்தோம்? எதனோடு ஒப்பிட்டோம்? எந்த மாசைப் பற்றிப் பேசுகிறோம்?

கண் என்னும் கருவி

முதலில், எதைக் கொண்டு அளந்தோம் என்பதைப் பார்ப்போம். பெரும்பாலோர் கண்ணைக் கொண்டுதான் அளந்தனர். தொலைவிலுள்ள மலை தெரிந்தால் காற்று தூயது. தெரியாவிட்டால் மாசுற்றது என்பதே அவர்கள் கணக்கு.

தொலைவிலுள்ள பொருள் ஏன் மறைகிறது? பொருளுக்கும் நமக்கும் இடையிலுள்ள காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் சூரிய ஒளியைச் சிதறச் செய்கின்றன. அச்சிதறிய ஒளி வெண்திரை போலப் பொருளின் மீது படர்கிறது. பொருளுக்கும் பின்னணி வானத்துக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் இரண்டு பங்காகக் குறையும்போது நம் கண் அப்பொருளைப் பிரித்தறிய இயலாமற்போகிறது. இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் காற்று ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணால் 3.9ஐ வகுத்தால், கண்ணுக்கெட்டும் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும்.

இவ்விதியைக் கொடைக்கானலில் பயன்படுத்திப் பாருங்கள். மலையின் தென்விளிம்பிலிருந்து கீழே நோக்கினால் தெரியும் வைகை அணை, நேர்க்கோட்டில் சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காற்றின் மறைப்பு எண் 0.18 என்று கொள்வோம். அப்போது கண்ணுக்கெட்டும் தூரம் சுமார் 21.7 கிலோமீட்டர், அணை தெரியாது. மறைப்பு எண் 0.16 ஆகக் குறைகிறது என்க. தூரம் 24.4 கிலோமீட்டராகிறது, அணை தெரிந்துவிடும். காற்று எங்கும் ஒரே சீராக இருப்பதாகக் கொண்ட தோராயக் கணக்குதான் இது. எனினும் இதன் பாடம் தெளிவானது. மறைப்பு குறைந்ததோ ஒன்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கோ, இல்லாத அணை திடீரென்று முளைத்துவிட்டது! கண் ‘தெரிகிறது’, ‘தெரியவில்லை’ என்னும் இரண்டே விடைகளைத் தரும் கருவி. எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

அது மட்டுமன்று. காற்றில் ஈரம் மிகும்போது, உப்பு, சல்பேட் போன்ற துகள்கள் நீரை ஈர்த்துப் பருக்கின்றன. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் இப்பருமன் விரைந்து கூடும். துகளின் எண்ணிக்கை மாறாதிருக்கும்போதே காற்று மங்கலாகிவிடுகிறது. உலர்ந்த காற்று வீசினால், மாசு சிறிதும் குறையாமலே வானம் தெளிகிறது. மேலும், நோய்க்குக் காரணமான வாயுக்களில் பல கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆகவே தெளிந்த காட்சி ஒரு நற்குறி எனலாமே தவிர, அதனைத் தூய்மைச் சான்றிதழாகக் கொள்ளலாகாது.

எந்த நாளோடு எந்த நாள்?

இனி இரண்டாவது கேள்வி. ஊரடங்குக்கு முந்திய பிப்ரவரியையும் ஊரடங்கு நடந்த ஏப்ரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இவ்வொப்பீடு முறையானதா?

குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று அடர்ந்து தாழ்ந்து கிடக்கிறது. புகையும் தூசும் அத்தாழ்ந்த அடுக்குக்குள் அடைபட்டுச் செறிகின்றன. வெயில் ஏறும் ஏப்ரல், மே மாதங்களில் தரை சூடாகிக் காற்று மேலெழும்புகிறது. பிற்பகலில் இவ்வாறு கலக்கும் அடுக்கின் உயரம் இரண்டு கிலோமீட்டரையும் தாண்டும். அதே அளவு புகை பெரிய பாத்திரத்தில் கலந்தால் அதன் செறிவு குறையுமல்லவா? ஊரடங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிப்ரவரியைவிட ஏப்ரலில் நம் நகரங்களின் தரைக்காற்று பொதுவாகத் தெளிவாகவே இருக்கும். இப்பருவ மாற்றத்தைக் கழிக்காமல் குறைவு முழுவதையும் ஊரடங்கின் கணக்கில் எழுதுவது பிழை.

கொடைக்கானலில் இது இன்னும் சிக்கலாகிறது. சமவெளித் தூசுக்கு மேலே தெளிந்த வானம் வேண்டும் என்பதற்காகவே 1899இல் அங்கே சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் அது அமைந்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். ஆனால் அவ்வுயரம் எப்போதும் மாசடுக்குக்கு மேலே இருப்பதில்லை. காலையில் சமவெளியின் மங்கல் கீழே கடல் போலக் கிடக்கும். மலை அதற்கு மேலே தெளிந்து நிற்கும். வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கத்துக் காற்று மலையேறத் தொடங்கும். கோடைப் பிற்பகலில் மலைநகரம் சமவெளிக் காற்றையே மூச்சிழுக்கிறது எனலாம். எனவே காலை எடுத்த படத்தையும் மாலை எடுத்த படத்தையும் ஒப்பிட்டால், ஒரே நாளிலேயே ஓர் ‘ஊரடங்கை’ உண்டாக்கிவிட முடியும்! இதனுடன் கோடையின் காட்டுத் தீப் புகையையும், அதனைக் கழுவிச் செல்லும் இடிமழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஒப்பீடு எவ்வாறு இருக்கும் என்பதற்கும் அவ்வாண்டிலேயே சான்று உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, டெர்ரா செயற்கைக்கோளின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு, 2020இன் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்க நாட்களை முந்திய நான்கு ஆண்டுகளின் அதே நாட்களோடு ஒப்பிட்டது. வடஇந்தியாவில் காற்றில் மிதக்கும் துகள்களின் அளவு இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மார்ச் 27 அளவில் அங்கே பரவலாக மழை பெய்ததையும் நாசா மறைக்கவில்லை. மழை கழுவிய காற்றில் வழக்கமாகச் சில நாட்களில் துகள் மீண்டும் சேர்ந்துவிடும், இம்முறை சேரவில்லை. அதுவே ஊரடங்கின் விளைவு என்று அது விளக்கியது.

அதே அறிக்கையில் தென்னிந்தியாவைப் பற்றி இருந்த செய்தியை மட்டும் நம்மவர் பலர் படிக்கவில்லை. தெற்கே துகள் அளவு அந்நாட்களில் அதே வகையில் குறையவில்லை. முந்திய நான்கு ஆண்டுகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டது. வானிலை, காற்றின் திசை, வயல் தீ முதலியன காரணமாகலாம் என்று நாசா குறிப்பிட்டது. ஜலந்தரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெற்கே உள்ள பழனி மலைக்குத் தீர்ப்புச் சொல்வது எத்தகைய தவறு என்பது இதனால் விளங்கும்.

பின்னர், 2021 ஜனவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் டில்லி உள்ளிட்ட 11 பெருநகரங்களின் அளவீடுகளிலிருந்து வானிலையின் பங்கைக் கழித்துப் பார்த்தனர். நைட்ரஜன் டை ஆக்சைடு எல்லா நகரங்களிலும் குறைந்திருந்தது உண்மை. ஆனால் முதலில் எண்ணிய அளவுக்கு அக்குறைவு இல்லை. லண்டன், பாரிஸ் நகரங்களில் நுண்துகள் குறையவே இல்லை. ஓசோனோ கூடியிருந்தது!

ஒரு பெயர், பல மாசுகள்

இது நம்மை மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. மாசு என்பது ஒரே பொருளின் பெயரா? அன்று. அது ஒரு கூட்டத்தின் பெயர். அக்கூட்டத்தில் ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு. ஊரடங்கைப் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போன முதன்மையான செய்தி இந்த ஆயுட்கணக்கே என்பது என் கருத்து.

வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை நிற்கும். கந்தக டை ஆக்சைடு ஓரிரு நாள் நிற்கும். நுண்துகள்கள், மழை இல்லாவிட்டால், ஒரு வாரம் வரை மிதக்கும். கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு மாதம். மீத்தேன் பத்தாண்டு அளவில். கரியமில வாயுவின் ஒரு பகுதியோ நூற்றாண்டுகள் கடந்தும் காற்றிலேயே தங்கும். ஓர் ஊரடங்கு சில வாரங்களே நீடித்தது. ஆகவே சில வாரங்களுக்கும் குறைந்த ஆயுளுடையவை மட்டுமே அதில் கண்ணெதிரே குறைய முடியும். மற்றவற்றை அது தொடக்கூட இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் உலகின் அன்றாடக் கரியமில வாயு வெளியீடு, 2019இன் சராசரியைவிட 17 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் உச்சக் குறைவு 26 விழுக்காடு. பெரும் வீழ்ச்சிதான். ஆனால் மனிதரில் பெரும்பாலோர் வீட்டுக்குள் அடங்கியிருந்தபோதும் 83 விழுக்காடு வெளியேறிக்கொண்டே இருந்தது என்பதையும் அதே எண் சொல்கிறதல்லவா? ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் 2019 மே மாதத்தில் பத்து லட்சத்தில் 414.7 பங்காக இருந்த கரியமில வாயு, 2020 மே மாதத்தில் 417.1 பங்காக உயர்ந்தே இருந்தது. கண்மாய்க்கு வரும் வரத்து ஆறில் ஒரு பங்கு குறைந்தால், நீர்மட்டம் ஏறும் வேகம் சற்றுக் குறையும், மட்டம் இறங்கிவிடாது. இதை நம் உழவர்கள் யாரும் அறிவர்.

ஓசோனின் கதை வேறு. வானின் மேலடுக்கில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே நுரையீரலைத் துன்புறுத்தும் நச்சு. வண்டி நெரிசல் மிக்க பெருநகரில் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை அழித்துக்கொண்டிருக்கும். வண்டிகள் நின்றதும் அழிப்பது குறைகிறது, ஓசோன் கூடுகிறது. யூகலிப்டஸ் தோப்புகளும் சோலைக் காடுகளும் ஆவிப்பொருள்களை மிகுதியாக வெளியிடும் பழனி மலை போன்ற இடத்தில் வேதியியல் திசை மாறுகிறது. அங்கே ஓசோன் உண்டாவதற்கு நைட்ரஜன் ஆக்சைடுகளே பற்றாக்குறை. ஆகவே அவை குறைந்தால் ஓசோனும் குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஒரே ஊரடங்கு டில்லியில் ஒரு விளைவையும் மலையில் எதிர்விளைவையும் தரக்கூடும்.

மீத்தேனோ 2020இல், 1983இல் தொடங்கிய முறையான அளவீடுகளில் அதுவரை காணாத வேகத்தில் பெருகியது. அவ்வாண்டு ஈரநிலங்கள் மீத்தேனை மிகுதியாக வெளியிட்டது ஒரு காரணம். மற்றொரு காரணம் வியப்பானது. காற்றில் மீத்தேனை அழிப்பது ஹைட்ராக்சில் என்னும் மூலக்கூறு. அது உண்டாக நைட்ரஜன் ஆக்சைடுகள் உதவுகின்றன. ஊரடங்கால் அவை குறையவே, ஹைட்ராக்சிலும் குறைந்தது. மீத்தேன் கூடுதல் காலம் தங்கியது. இவ்விரு காரணங்களும் ஏறத்தாழச் சமபங்கு என 2022இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. காற்று என்பது ஒரு துணி போட்டுத் துடைத்தெடுக்கும் பலகையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொடைக்கானல் அறிந்த பழைய பூட்டு

பூட்டுக்குப் பெயர் பெற்றது திண்டுக்கல் மாவட்டம். அம்மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானலில் 2020க்கு முன்பே ஒரு பூட்டு விழுந்தது. 1980களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலையைக் கொண்டுவந்து, பாம்பார்ச் சோலையை ஒட்டிய மேட்டில் நிறுவியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கிடங்குக்குச் சென்றது வெளிப்பட்டதால், 2001 மார்ச் மாதத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது.

மூடியதும் மாசு நின்றதா? கழிவின் ஒரு பகுதி 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. ஆனால் மலையின் பாசிகளிலும் லைக்கன்களிலும், கொடைக்கானல் ஏரியின் வண்டலிலும் மீன்களிலும் பாதரசத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தாக 2016 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்ற வாதம் அதன் பின்னும் தொடர்ந்தது.

பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும் உலோகம். 10 பாகை வெப்பம் கூடினால் அதன் ஆவியழுத்தம் இரு மடங்குக்கு மேல் உயரும். ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் பல மாதங்கள் சுற்றி, மண்ணில் படிந்து, மண்ணிலிருந்து மீண்டும் எழும். 2020 ஏப்ரலில் கொடைக்கானலின் சாலைகள் வெறிச்சோடி, வானம் நீலமாக இருந்தபோதும், மண்ணில் கலந்த பாதரசத்துக்கு எந்த ஊரடங்கும் இல்லை. இயற்கை தன்னைத் தானே நலப்படுத்திக்கொண்டது என்று எழுதுவோர் இந்த மலையின் இவ்வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. சில மாசுகள் பூட்டினால் நிற்கும். சில, பூட்டியபின்தான் தம் நீண்ட வாழ்க்கையைத் தொடங்கும்.

யாரைக் குறைப்பது, எதைக் குறைப்பது?

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? ஊரடங்கு முடிந்துவிட்டது, அதிலிருந்து பெறும் பாடமோ தொடர்ந்து நம் கொள்கைகளை உருவாக்குகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. இது ஒரு சிறு ஊரடங்கு போன்றதே. மலைச்சாலையோர நைட்ரஜன் டை ஆக்சைடை இது குறைக்கக்கூடும். 2020இன் அளவீடுகள் அந்நம்பிக்கைக்கு இடம் தருகின்றன. ஆனால் விறகடுப்பின் புகையையோ, காட்டுத் தீயையோ, சமவெளியிலிருந்து ஏறிவரும் மங்கலையோ, மண்ணிலுள்ள பாதரசத்தையோ வண்டி வரம்பு குறைக்காது. அவற்றுக்குத் தனித்தனி மருந்து வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மனிதன் அடங்கினால் இயற்கை நலம்பெறும் என்னும் கருத்து, மனிதனே மாசு என்ற முடிவுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. ஊரடங்கில் உண்மையில் குறைந்தது எரிபொருளின் எரிப்பு. அதற்கு விலை கொடுத்தவர்களோ குதிரை ஓட்டுவோர், படகு வலிப்போர், விடுதிப் பணியாளர், அன்றாடக் கூலிகள். அவர்களுடைய அடுப்பு அணைந்தால்தான் வானம் நீலமாகும் என்றால், அத்தகைய நீலம் யாருக்கு வேண்டும்? எரிபொருளை மாற்றினால் அவர்கள் வேலையும் நிற்கும், வானமும் தெளியும். ஊரடங்கின் சரியான பாடம் இதுவே.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. 1928-29லேயே, ஓசோன் அளவிட உலகில் தேர்ந்த சில இடங்களுக்கு டாப்சன் தம் கருவிகளை அனுப்பியபோது, அவற்றுள் ஒன்று கொடைக்கானலுக்கு வந்தது. நீண்ட காலம், ஒரே இடத்தில், ஒரே முறையில் அளப்பதுதான் அறிவியலின் வலிமை. உங்கள் ஊரில் ஒரு மாடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். 5, 10, 20 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கோபுரம், ஒரு குன்று, ஒரு மலை என மூன்று குறிகளை வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் எது தெரிகிறது என்று குறித்து வாருங்கள். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளால் ஈரப்பதத்தையும், மழை, காற்றின் திசை ஆகியவற்றையும் உடன் எழுதுங்கள். ஓராண்டு முடிந்தபின் பாருங்கள். வானம் ஏன் தெளிந்தது, ஏன் மங்கியது என்று அப்போது உங்களால் காரணம் பிரித்துச் சொல்ல முடியும்.

அடுத்த முறை நீல வானத்தின் படம் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, பகிர்வதற்கு முன் அம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எதைக் கொண்டு அளந்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? எந்த மாசு?